அடுக்களை காண வந்த பெட்டி

காரோடு,
29 மே 2025

ஆதிரா மக்கா,

நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் அடைத்துவிட்டாய். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டபோது அங்கிருந்த பெண், இந்தக் காலத்தில் இவன் யாருக்கு எழுதுகிறான் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தங்கச்சிக்கு என்று சொன்னால் நம்பியிருக்கமாட்டாள்.

தமிழில் எழுதுவதும் யோசித்துத்தான். உன் மாமியார் வீட்டில் எல்லோரும் மலையாளம் படித்தவர்கள். நம்மைப் போலத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அங்கே யாருமில்லை. யாராவது பிரித்தாலும் ஒன்றும் புரியாது.

அடுக்களை காணலன்று நடந்ததற்கு என்னை மன்னித்துவிடு. கல்யாணம் கழிந்து பெண் வீட்டார் பாத்திரமும் பலகாரமுமாகப் போய் மாப்பிள்ளை வீட்டு அடுக்களையைப் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். மிக்ஸி உண்டு, குத்துவிளக்கு உண்டு, அச்சப்பமும் முறுக்கும் ஏத்த வாழைக்குலையும் உண்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று உன் மாப்பிள்ளை அஜேஷ் அளியன் ஃபுட்பால் கேமைப் பற்றி ஆசையாகப் பேசியபோது, "புது கேம் கன்சோல் ஒண்ணு நான் கொண்டுவாறேன் அளியா" என்று வாயை விட்டவன் நான்தானே.

அந்தப் பெட்டியும் கூட வந்தது. ஹாலில் அத்தனை பேர். டிஸ்கைப் போட்டதும் பந்து ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். உன் நாத்தனார் அனகா அதை வீட்டு வைஃபையில் இணைத்ததும் காரியம் கெட்டது. அப்டேட் வந்தது. அதற்கு உள்ளே இடம் போதாது, எதையாவது அழியுங்கள் என்று டிவியில் எழுத்து வந்தது. அழிக்கச் சொல்லி ஒரு பட்டியலும், கடைசியாக விளையாடிய நாளோடு வந்தது. புதுப் பெட்டிக்குள் எங்கிருந்து அத்தனை கேம்? அனகா உரக்க வாசித்தாள்: "இன்னலெயும் களிச்சிட்டுண்டல்லோ." நேற்றுகூட விளையாடியிருக்கிறார்களே என்று அவள் கேட்டதும் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நீ அங்கே சொன்னதுதான் நடந்தது. கடைக்காரன் பழையதைப் புது அட்டையில் வைத்து ஏமாற்றிவிட்டான். நான் திறந்து பார்த்து வாங்கியிருக்க வேண்டும். புத்தி இல்லாமல் போயிற்று.

முதல் ஓணத்துக்கு உங்கள் ரெண்டு பேரையும் விருந்துக்கு விளிக்க நான்தான் அந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று அம்மா இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எந்த முகத்தோடு வருவேன்? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்,
அஸ்வந்த்

நெய்யாற்றின்கரை,
9 ஜூன்

அண்ணா,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் ஹாலில் கேட்கும். உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். புதுப்பெண் எதற்கு அழுகிறாள் என்ற கேள்வி வரும். இந்தக் கவரைப் பார்த்துவிட்டே அனகா, "லவ் லெட்டராணோ சேச்சி" என்று கேட்டாள்.

கடைக்காரன் கதையை எனக்கும் எழுதியிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

அட்டையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆன் பண்ணும் இடம் தெரியாமல் நீ தினமும் தடவுகிறாய் என்று அந்தப் பித்தானில் நெயில் பாலிஷ் தொட்டு வைத்தவள் நான். நீ சுரண்டியிருக்கிறாய். இடுக்கில் சிவப்பு அப்படியே இருந்தது. நம் வீட்டு டிவிக்குக் கீழே கிடந்த உன் பழைய பெட்டியைத்தான் நீ தூக்கிக்கொண்டு வந்தாய்.

தெரிந்துகொண்டுதான் "கடைக்காரன் ஏமாத்திப்போட்டானாக்கும்" என்று நான் முந்திக்கொண்டேன். எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை உன்னை விட்டு என்மேல் திரும்புவதற்குள் பழியை யார் தலையிலாவது போடவேண்டியிருந்தது. உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைக்காதே. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். நீயும் பெரிதாகத் தலையை ஆட்டினாய்.

மாமி ஒரு குத்தலும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். வருகிறவர்களிடமெல்லாம், "பாவம், இவளுடெ ஆங்ஙளயெ ஒரு கடைக்காரன் பற்றிச்சு" என்று, கடைக்காரனிடம் ஏமாந்த உனக்காகப் பரிதாபப்படுகிறார். நான் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். பெட்டி அலமாரிமேல் துணி மூடிக் கிடக்கிறது. உன் அளியன் அதைத் தொடுவதில்லை, அதைப் பற்றிக் கேட்பதுமில்லை.

ஏன் செய்தாய்? உண்மையை எழுதுவதானால் எழுது.

ஆதிரா

காரோடு,
17 ஜூன்

மக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயரிங் வேலைக்குப் போனேன். அன்று சாப்பிடக்கூட ஏணியை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள் என்று இருந்தது.

என் பெட்டிதான். கல்யாணம் முடிந்தபோது புதுசு வாங்கும் நிலையில் நான் இல்லை. ஊர் அறியச் சொன்ன வார்த்தையை விழுங்கவும் முடியவில்லை. அளியனைத் தனியே கூப்பிட்டு, இப்போது முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பெண்ணுடைய அண்ணன் அல்லவா, கெத்து குறைந்துவிடுமே. துணியும் ஸ்பிரிட்டும் வைத்துப் பெட்டியைத் துடைத்தேன். பாறசாலை ஸ்டேஷன் பக்கத்தில் சத்தியதாஸ் அண்ணன் கடையில் காலி அட்டை ஒன்று கேட்டேன். யாரோ புதுசு வாங்கி அட்டையை அங்கேயே விட்டுப் போயிருந்தார்கள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கடைப் பையிலேயே போட்டுத் தந்தார்.

இதில் என் புத்தியைக் கேள். புதுப் பெட்டியில் டிஸ்கைப் போட்டதும் விளையாடிவிட முடியாது. கேம் மொத்தமும் டிஸ்கிலிருந்து பெட்டிக்குள் ஏறவேண்டும். இன்ஸ்டால் ஆகாமல் ஒரு அடி நகராது. மணிக்கணக்காக ஒரு நீலக்கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டு ஆட்களை அப்படிக் காக்க வைத்தால் நமக்குக் குறைச்சல் என்று நினைத்தேன். டிஸ்க் உள்ளே போனதும் பந்து ஓடவேண்டும். அதனால் முந்தின நாளே ஃபுட்பால் கேமை ஏற்றி, சரியாக ஓடுகிறதா என்று விளையாடியும் பார்த்தேன். அனகா வாசித்த "இன்னலெ" அதுதான். காக்க வைப்பதுதான் புதுசுக்கு அடையாளம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் அதில் விளையாடியவனுக்கு.

பழைய கேம்களை அழித்திருக்கலாம். உள்ளே இருக்கிற இடம் கொஞ்சம். ஃபுட்பாலை ஏற்றியதும் விளிம்புவரை நிரம்பிவிட்டது. ஆனால் ஒவ்வொன்றிலும் நான் பாதி வழியில் நின்றிருந்தேன். அழிக்கக் கை வரவில்லை. மறு வாரம் ஏதாவது சாக்குச் சொல்லி வந்து என்னுடையதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அளியன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதை முன்னால் நிறுத்தினேன். நெட் கொடுக்க வேண்டாம் என்று அளியனிடம் சொல்லியும் வைத்தேன். அனகாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

அப்பாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வேனில் ஏற்றும்போது பெட்டியைக் கையில் வாங்கினார். என்னைப் பார்த்தார். ஏத்தங்குலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று முதல் என்னோடு சரியாகப் பேச்சில்லை.

அண்ணன்

நெய்யாற்றின்கரை,
6 ஜூலை

அண்ணா,

காரியம் கைவிட்டுப் போகிறது. நீ உடனே ஏதாவது செய்.

மாமனார் வக்கீல் குமாஸ்தா என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்ணின் அண்ணனை ஒருத்தன் ஏமாற்றுவானா என்று அவருக்கு உள்ளே கிடந்து புகைந்திருக்கிறது. நேற்று முன்தினம் பெட்டியை இறக்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையிலிருந்த நம்பரையும் மெஷினின் அடியிலிருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தார். ரெண்டும் வேறு வேறு. அவருக்கு அது போதும். பையில் கடையின் பெயரும் இருந்தது. தன்னுடைய வக்கீலிடம் சொல்லி சத்தியதாஸ் அண்ணனுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். மாற்றித் தராவிட்டால் கேஸ்.

அனுப்பிவிட்டு வந்து, "கனகதாஸ் உள்ளப்போள் மோள் விஷமிக்கண்டா" என்றார். தன் பெயரைச் சொல்லி, நான் இருக்கிறேன், வருத்தப்படாதே மகளே என்கிறார். எனக்காகச் செய்திருக்கிறார்.

சத்தியதாஸ் அண்ணனிடம் போய்ச் சொல். அல்லது இங்கே வந்து சொல். நானே சொல்லலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன். இந்த வீட்டுக்கு வந்து நான் எல்லோர் முன்னாலும் பேசிய முதல் பேச்சே பொய் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அண்ணன். நீ முன்னால் வா.

ஆதிரா

காரோடு,
15 ஜூலை

மக்கா,

சத்தியதாஸ் அண்ணன் ரெண்டு தடவை விளித்தார். நான் எடுக்கவில்லை. இப்போது ஸ்டேஷன் வழியாகப் போவதையே விட்டுவிட்டு, பைக்கில் ஊரைச் சுற்றி வேலைக்குப் போகிறேன். எழுதும்போதே கேவலமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், உன்னிடம் இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மாமாவிடம் நீ பொதுவாக, போகட்டும் விடுங்கள், கேஸ் வேண்டாம் என்று சொல்லிப் பாரேன். கோபம் தணிந்தால் விட்டுவிடுவார். சத்தியதாஸ் அண்ணனும் நாலு நாளில் மறந்துவிடுவார். கடைக்காரர்களுக்கு இப்படி எத்தனையோ வரும். நான் கொஞ்சம் தைரியம் வந்ததும் கண்டிப்பாகப் போகிறேன். இந்த வாரம் வேலை அதிகம்.

அண்ணன்

நெய்யாற்றின்கரை,
4 ஆகஸ்ட்

அண்ணா,

இந்த வாரம் வேலை அதிகம் என்று எழுதிய உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது நான் எழுதுவதை முழுசாக வாசி.

சனிக்கிழமை மத்தியானம் சத்தியதாஸ் அண்ணன் வந்தார். நல்ல மழை. ஸ்கூட்டரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தார், அவர் நனைந்திருந்தார். மாமா அவரை உட்காரச் சொல்லவில்லை. மாமிதான் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"அட்டை நம்பரு எனக்க கடை நம்பராக்கும் சாரே. எப்பிடி மாறிச்சுன்னு எனக்குப் பறயத் தெரியல்ல. கேஸு கோர்ட்டுன்னு நடக்க எனக்கு ஆவாது. புதுசு கொண்டாந்திருக்கேன்" என்றார். நான் சாயாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "அஸ்வந்துக்கு சொகம்தானா மோளே? விளிச்சா எடுக்க மாட்டேங்கான்" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அண்ணா. காலி அட்டை கேட்டு வாங்கிப் போனது நீதான் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வீட்டிலிருந்து கிளம்பியும் இருப்பார். என்னைப் பார்த்ததும் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று பார்த்தாரோ என்னவோ. நான் தம்ளர் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மாமா, இதுவும் பழசா என்று பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். அனகா சீல் டேப்பை அறுத்து, பெட்டியை டிவியில் மாட்டினாள். முதலில் மொழி கேட்டது, பிறகு அப்டேட் என்றது, பிறகு டிஸ்கைப் போட்டதும் நீ எழுதிய அந்த நீலக்கோடு வந்தது. "இதாக்கும் புதுசு. நெறையட்டும், நான் இருந்து காட்டிப்போட்டு போறேன்" என்று சத்தியதாஸ் அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மிதிக்காமல் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

டிஸ்க் போட்டதும் பந்து ஓடியிருந்தால் அவர் உடனே எழுந்து போயிருப்பார். நானும் ஆயுசு முழுவதும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அது ஓடவில்லை. கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. நான் அடுக்களையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கோடும் முடியவில்லை, அவரும் அங்கேயே இருந்தார். செய்யாத குற்றத்துக்கு ஒருத்தர் என் வீட்டு ஹாலில் நனைந்த சட்டையோடு காத்துக்கொண்டிருக்கிறார். பாதிகூட ஆகவில்லை, என்னால் தாங்க முடியவில்லை. ஈரக் கையோடு போய் நின்றேன்.

"மாமா, அந்தப் பெட்டி எங்க அண்ணனுக்க பழைய பெட்டி. அன்னைக்கே எனக்குத் தெரியும். கடைக்காரரு ஏமாத்தினாருன்னு பொய் பறஞ்சது நானாக்கும்."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவர் என்னைத் திட்டவில்லை. சத்தியதாஸ் அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தனை வயதானவர், என் பொய்க்காக. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தியதாஸ் அண்ணன் எழுந்து கோடு பாதியில் நிற்க வயரைப் பிடுங்கினார், சுருட்டினார், அட்டைக்குள் வைத்தார். மாமி அவர் நஷ்டத்தை நினைத்து, நன்றாக ஒட்டி வைத்தால் யாருக்குத் தெரியும் என்றார். "இல்லம்மா, பொட்டிச்ச சாமானம். இனி புதுசுன்னு பறஞ்சு விக்கப்பிடாது" என்றார் அவர். அனகாவிடம் பேனா வாங்கி, திறந்தது என்று அட்டைமேல் மலையாளத்தில் பெரிதாக எழுதினார். நம் வீட்டிலிருந்து வந்த அட்டை அலமாரிமேல்தான் இருந்தது. அதை எல்லோரும் ஒருமுறை பார்த்தார்கள்.

இப்போது வீட்டில் சண்டையில்லை, சத்தமில்லை. மாமி என்னை மோளே என்று கூப்பிடுவதில்லை, ஆதிரா என்கிறார். சாயாவுக்குச் சர்க்கரை போட்டுவிட்டேன் என்று நான் சொன்ன பிறகும் அனகா ஒரு வாய் குடித்துப் பார்க்கிறாள்.

உன் அளியன் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் கேட்டான். "பழசுன்னு பறஞ்சு தந்திருந்தா நான் அன்னைக்கே களிச்சிருப்பேனே" என்றான். பிறகு, "ஓணத்துக்கு ஒனக்க அண்ணன் நேரில வந்து விளிக்கட்டும். வந்தா போவாம். இல்லேன்னா வேண்டாம்" என்றான்.

நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன். உன் பங்கை எனக்காகச் சொல்ல இனி யாரும் வரமாட்டார்கள்.

ஆதிரா

காரோடு,
30 ஆகஸ்ட்

மக்கா,

உனக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

சத்தியதாஸ் அண்ணன் கடைக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து நுழையவேண்டும் என்று எதிர்க்கடையில் ரெண்டு சாயா குடித்தேன். பெட்டி ஷோகேசில் இருந்தது, எழுத்து வெளியே தெரியும்படி. அதை நானே எடுத்துக்கொள்கிறேன், மாசாமாசம் தந்து தீர்க்கிறேன் என்றேன். தரமாட்டேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எலே, நீ காலி அட்டை கேட்டப்ப எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காதது எனக்க தப்பு" என்றார். என்னை ரெண்டு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குக் கிளம்பினேன். அம்மா வெற்றிலை, பழம், வேட்டி எல்லாம் பையில் வைத்துத் தந்தாள். உங்கள் கேட்வரைக்கும் வந்தேன். மாமா வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நீ எழுதியிருந்தாயே, அவர் கையெடுத்துக் கும்பிட்டார் என்று. அந்தக் கைதான் பேப்பரைப் பிடித்திருந்தது. என்னால் உள்ளே வரமுடியவில்லை. திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "விளிச்சியா?" என்றாள். "விளிச்சேன். வருவாங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. பையை யாரும் பார்க்காமல் கட்டிலுக்கடியில் தள்ளினேன். இந்த ஒரு வாரமாக அம்மா உங்களுக்காக அரிசி இடிக்கிறாள், கதவுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறாள். அப்பா மட்டும் நேற்று என் பக்கத்தில் வந்து நின்று, "போனியாலே நீ?" என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். நான் இப்படித்தான், மக்கா. கூச்சம் வந்தால் எனக்கு முதலில் வருவது பொய்தான். அன்று ஹாலில் தலையாட்டினதும் அதுதான்.

இந்தக் கடிதம் உனக்கு வந்துசேரும்போது ஞாயிற்றுக்கிழமை கழிந்திருக்கும். நாளை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மாமா என்ன கேட்டாலும் நின்று பதில் சொல்கிறேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வந்திருந்தால் இதைக் கிழித்துவிடு. வரவில்லை என்றால் இதற்குப் பதில் எழுதாதே, எழுதுவதற்குத் தகுந்த ஆள் இல்லை என்று விட்டுவிடு.

அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மா ஏத்தங்காயைச் சீவிக்கொண்டே, மாப்பிள்ளை வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவாங்க மக்கா என்று அடுக்களையிலிருந்து கேட்கிறாள். அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் இன்னும் யாரையும் விளிக்கவில்லை என்று போய்ச் சொல்கிறேன்.

அண்ணன்